மார்கழிக் குளிரில் எதை முதலில் பார்ப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி குளிர், குடும்பம், காபிப் பறிப்பு என்றுதான் இருக்கிறது. செம்மடுவிலிருந்து வந்த கடிதத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் காபித் தோட்டம், இரண்டு மாடு. போன வாரம் மிளகுக்கொடியைப் பார்க்க ஏணியில் ஏறிய வீட்டுக்காரர் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. அதே வாரத்தில் மாமியாருக்கு இளைப்பு, சின்னவனுக்குக் காய்ச்சல். செடியில் பழம் சிவந்து நிற்கிறது, பறிக்க ஆள் இல்லை. ஒரு மாடு தை பிறந்ததும் கன்று போடும். காலையில் எழுந்தால் எதில் கை வைப்பது என்று தெரியாமல் வாசலில் அப்படியே நிற்கிறேன். எதை முதலில் பார்ப்பது?
– வாசகி, செம்மடுவு

தங்கச்சி, அந்த நிற்பு எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் மார்கழிக் கடைசி வாரத்தில், ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் களத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். அந்த வாரத்தைச் சொல்கிறேன். சரியாகச் செய்ததும் இருக்கிறது, தப்பாகச் செய்ததும் இருக்கிறது. தப்பு செய்தது மாட்டு விஷயத்தில். உங்கள் மாடும் கன்று போடப் போவதால் அந்த இடத்தை விடாமல் படியுங்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம், பனி இறங்குவதற்குள் களத்துக் காபியைக் கூட்டித் தார்ப்பாய் போடப் போனார் எங்கள் வீட்டுக்காரர். பாசி பிடித்த படியில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். சற்று நேரத்தில் மணிக்கட்டு புஸ்ஸென்று வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்றார் அத்தை. நான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். எலும்பு விட்டிருந்தால் நீவ நீவ இன்னும் விலகும். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கைக்கு அடியில் கொடுத்து, துண்டால் சுற்றி, கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி கட்டிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் பனிமூட்டம். வண்டி திரும்பும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மாவுக்கட்டு போட்டு வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் பதினோரு மணி. வந்ததும் கண்ணில் பட்டது, முந்தின நாள் பறித்த பழம். நாலு மூட்டை, சுமார் 180 கிலோ, பழத்தோல் உரிக்கிற பல்பரில் போடாமல் கட்டியது கட்டியபடி கிடந்தது. ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டேன். உள்ளே சுட்டது. வெளியே பேசினால் வாயில் ஆவி வருகிற குளிர், மூட்டைக்குள் பழம் புழுங்கிக்கொண்டிருந்தது. பல்பர் ஓட்டுவது அவர் வேலை. நானே ஓட்டியிருக்கலாம், தோலுரித்துக் கழுவிக் காயவைத்த கொட்டையாக, அதாவது பார்ச்மெண்டாகப் போட்டால் விலையும் கூட வரும். ஆனால் ஊறவைக்க, கழுவ, பரப்ப, கிளற என்று அடுத்தடுத்த நாளெல்லாம் அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டில் இல்லை. நாலு மூட்டையையும் களத்தில் கொட்டி, மெல்லிசாகப் பரப்பி, தோலோடு முழுப் பழமாக, செர்ரியாகவே காயவிட்டேன். விலையில் கொஞ்சம் போயிற்று. பழம் போகவில்லை. அந்த வாரம் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

அங்கேதான் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. எது முக்கியம் என்று கேட்டால் எல்லாமே முக்கியம்தான், பதில் வராது. எது எத்தனை நேரம் பொறுக்கும் என்று கேட்டால் வரும். மூச்சு வாங்கும் மாமியார், சோர்ந்து கிடக்கும் பிள்ளை, கன்று போடும் மாடு, மூட்டையில் கட்டிய பழம், இவை மணிக்கணக்கு. களத்துக் காபி, மாட்டுத் தீவனம், கொட்டாய்ச் சாணம், இவை நாள்கணக்கு. செடியில் சிவந்த பழம் பத்து நாள் போலத் தாங்கும். அப்புறம்தான் கறுத்து உதிரும். உதிர்ந்ததை மட்டும் தரையில் விட்டுவைக்காதீர்கள், காய்த்துளைப்பான் வண்டு அதில்தான் குடியிருந்து அடுத்த வருஷக் காயில் ஏறும். மிளகு உங்களுக்கு மாசி வரைக்கும்கூட நேரம் கொடுக்கும். களையெடுப்பு, உரம், வேலி எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்காக மனசு குத்தவேண்டியதில்லை.

புதன்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு எங்கள் செவலை கன்று போட்டது. நாள் கணக்குக்குப் பத்து நாள் முந்தி. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கன்று உடம்பெல்லாம் ஆவி பறக்கத் தரையில் கிடக்கிறது. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை விரலால் வழித்தேன். உலர்ந்த வைக்கோலைக் கை நிறைய எடுத்து நெஞ்சிலும் முதுகிலும் அழுத்தித் தேய்த்தேன். அது நனைந்ததும் வேறு வைக்கோல், அப்புறம் சாக்கு. ஈரம் வாங்க வாங்க நடுக்கம் நின்றது. தொப்புளில் டிங்சர் அயோடின் வைத்து, அரை மணிக்குள் மடியில் வாய் வைக்கப் பழக்கிச் சீம்பால் குடிக்கச் செய்தேன். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளே உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். ஒரே மூச்சில் வேண்டாம், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். குளிரில் பிறந்த கன்றுக்கு முதல் கம்பளி அதுதான்.

அதுவரை சரி. மத்தியானம் செவலை படுத்தது, எழவே இல்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. கழுத்தை மடக்கித் தலையை விலாப்பக்கம் வைத்துக்கொண்டது. குளிர் தாங்கவில்லை என்று நினைத்துவிட்டேன். இரண்டு சாக்கைப் போர்த்தினேன், கொட்டாய்க்கு வெளியே கணப்பு மூட்டினேன், சுக்குத் தண்ணீர் காய்ச்சினேன். நாலு மணி நேரம் இப்படிப் போயிற்று. அத்தைதான் வந்து பார்த்துவிட்டு, “இது குளிரு இல்ல கண்ணு, டாக்டரைக் கூப்பிடு” என்றார். வந்த டாக்டர் பார்த்த மாத்திரத்தில் பால் காய்ச்சல் என்றார். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, சில்லிட்டுப்போகும். கன்று போட்டதும் சுண்ணாம்புச் சத்து மடியில் பாலாக இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் அது குறைந்ததும் மாடு சாய்ந்துவிடும். கால்சியம் மருந்தைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். பாட்டில் முடிகிறபோது செவலை ஒரு ஏப்பம் விட்டது, சாணி போட்டது. முக்கால் மணியில் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. நான் கொட்டாயிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

காய்ச்சிய சுக்குத் தண்ணீரை நான் அதன் வாயில் ஊற்றவில்லை, அது தெய்வச் செயல். அந்த நிலையில் மாடு ஒழுங்காக விழுங்காது, நுரையீரலுக்குள் போய்விடும். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது: கன்று போட்ட மூன்று நாளைக்குள் மாடு தள்ளாடினாலோ, காது சில்லிட்டாலோ, குளிர் என்று எண்ணி உட்காரவே கூடாது. கால்நடை டாக்டருக்கோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கோ உடனே போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை மாடு பக்கவாட்டில் சாயாமல் நெஞ்சு தரையில் படும்படி இரண்டு பக்கமும் சாக்கு மூட்டையை அணை கொடுங்கள். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.

வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்காரம்மாள் பார்த்துக்கொண்டார். உங்கள் சின்னவனுக்கு மூச்சு வேகமாக இழுத்தாலோ, விலா உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ காபியும் வேண்டாம் மாடும் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமியாரை விறகுப் புகைக்கும் களத்துத் தூசிக்கும் தள்ளியே வையுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை இளைப்பு இல்லாத நாளிலும் நிறுத்த விடாதீர்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கூலிக்கு ஆள் கிடைக்காத வாரத்திலும் வேலைக்கு வேலை என்றால் வருவார்கள். எனக்கு மூன்று பெண்கள் இரண்டு நாள் வந்து பறித்துக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டு மிளகுக்கு நான் ஆறு நாள் போய் அடைத்தேன். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், கடன் வாங்குவதில்லை இது. உங்கள் வீட்டுக்காரரையும் கட்டிலிலேயே விட்டுவைக்காதீர்கள். காலைத் தூக்கி வைக்க ஒரு முக்காலி போட்டுக் களத்து ஓரத்தில் வெயிலில் உட்கார வையுங்கள். பச்சைக் காயையும் கறுத்ததையும் பிரிக்க இரண்டு கை போதும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு கையால் பிரித்தார். சும்மா படுத்திருந்த இரண்டு நாளில் அவர் முகத்தில் இருந்த கருப்பு அன்றைக்குத்தான் போயிற்று.

கன்று பிறந்ததும் ஒரு கடுதாசி போடுங்கள்.

குளிர் தாங்காமல் இரவில் குமுட்டி அடுப்பில் கரி போட்டு அறைக்குள் வைத்துத் தூங்குகிறோம். கைக்குழந்தை இருக்கிறது. காலையில் எனக்குத் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது. பித்தம் என்கிறார்கள். என்ன கைவைத்தியம் செய்யலாம்?
– வாசகி, மாரமங்கலம்

கைவைத்தியம் எதுவும் வேண்டாம் அம்மா. இன்றைக்கே அந்த அடுப்பை வெளியே வையுங்கள். இது பித்தம் மாதிரி தெரியவில்லை. மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். புகை இருந்தால் இருமி எழுந்துவிடுவோம். இதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, வாந்தி, அசதி என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். கணகணவென்று இருக்கும் தணலைவிட, சாம்பல் பூத்த தணல் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். அதுவும் அதே வாயுவைத்தான் விடும். உங்களுக்கும் குழந்தைக்கும் ஒரு முறை டாக்டரிடம் காட்டி, கரி அடுப்பு வைத்துத் தூங்கியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

குளிருக்கு வழி இருக்கிறது. குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது, போர்வையைக் கூட்டுவதைவிடக் கீழே விரிப்பைக் கூட்டுங்கள். பாய்க்கு அடியில் இரண்டு சாக்கு, அதற்கும் அடியில் வைக்கோல். குழந்தையை உங்கள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தாலே அதற்குச் சூடு கிடைக்கும். கணப்பு காய்வதென்றால் வாசலில் காய்ந்துவிட்டு உள்ளே வாருங்கள். அறைக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108க்குச் சொல்லுங்கள்.

மாட்டுக் கொட்டாய்க்கும் இதே கதைதான். காற்று அடிக்கிற பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள், கூரைக்குக் கீழே ஒரு முழம் திறப்பு விடுங்கள். எல்லாப் பக்கமும் மூடிவிட்டால் மூத்திர நெடி உள்ளேயே தங்கி, மாட்டுக்குச் சளி பிடிக்கும்.

பல்பர் போட்ட காபியை ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவுவோம். இந்த மாதம் ஒரு ராத்திரியில் வழுவழுப்புப் போகவில்லை. இரண்டு நாள் விட்டால் புளித்த வாடை வருகிறது. எப்போது கழுவுவது?
– வாசகர், தலைச்சோலை

தம்பி, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். வெதுவெதுப்பான நாளில் ஒரு நாளில் முடிகிற வேலை, இந்தக் குளிரில் ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள் இழுக்கும். தொட்டியில் ஒரு குச்சியைச் செருகி எடுங்கள். குச்சி போன ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் அலசித் தேய்த்துப் பாருங்கள், வழுக்காமல் சரளைக்கல் மாதிரி நறநறவென்றால் உடனே கழுவிவிடுங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. புளிப்பு வாடை வரும்வரை விட்டால் அந்த வாடை கொட்டையில் ஏறிவிடும், கப்பில் காட்டிக்கொடுக்கும்.

தொட்டி மேல் சாக்குப் போட்டு மூடினால் சூடு கொஞ்சம் தங்கும். பழமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். செங்காயைக் கலந்து போட்டால் பாதி கழன்றிருக்கும், பாதி ஒட்டியிருக்கும், உங்களுக்குப் பதமே தெரியாது. கழுவின பிறகு சாயங்காலம் பனி இறங்கும் முன் கூட்டி மூடுவதை ஒரு நாள்கூட விடாதீர்கள். ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை இது நடக்க வேண்டும். ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காபிக்கொட்டை. அவ்வளவு பாடுபட்டதை ஒரு ராத்திரிப் பனிக்குக் கொடுக்கலாமா?

மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. காலில் குளிர் என்றார் என்று வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுக் கறவைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் பாதம் கொப்புளித்திருந்தது. பற்பசை தடவினோம். வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதில்லை.
– வாசகி, அயோத்தியாபட்டணம்

உங்கள் மாமனாருக்குச் சுட்டது தெரிந்திருக்காது. சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும், சுட்டாலும் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றாது. நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள். இந்த வரியை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்: அவரே அந்தப் பையை வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சுட்ட இடத்தில் பற்பசை, பேனா மை, மாவு எதுவும் கூடாது. சுட்ட உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் இப்போது தாண்டிவிட்டது. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணி சுற்றி, டாக்டரிடம் இன்றே கூட்டிப்போங்கள். சர்க்கரைக்காரர் பாதப் புண்ணை நாலு நாள் பார்க்கலாம் என்று விடவே கூடாது. இனிமேல் அவருக்குக் கம்பளிச் சாக்ஸ் போதும்.

பெட்டைக்கோழி இல்லாமல் வாங்கிய 40 குஞ்சில் தினம் இரண்டு மூன்று செத்துக் கிடக்கிறது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.
– வாசகர், வாழப்பாடி

மூலை இருப்பதுதான் கேடு. குளிருக்கு ஒன்றை ஒன்று நெருக்கி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து வையுங்கள். நடுவில் பல்பு. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் அதிகம், பரவித் தீனி பொறுக்கினால் சரி.

சேலம் ஐந்து ரோடு பக்கம் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா கொட்டச்சேட்டில் தோட்டத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வாரக்கடைசியில்தான் வர முடியும். என்ன வேண்டும் என்று கேட்டால் அம்மா, “ஒண்ணும் வேண்டாம் சாமி, நீ வந்தா போதும்” என்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், சேலம்

கேட்பதை விட்டுவிடுங்கள், தம்பி. எந்த அம்மா சொல்வார்? வந்து ஒரு விடிகாலை ஐந்து மணிக்கு அவர்களோடு எழுந்து பின்னாலேயே நடங்கள். எந்த இடத்தில் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எதைத் தூக்கும்போது அம்மா ஒரு நிமிஷம் தயங்குகிறார் என்று பாருங்கள். அதுதான் உங்கள் வேலை.

இப்போதே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தவிடு, புண்ணாக்கு மூட்டையை இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக் கொட்டாய்க்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், வாசலில் இல்லை. விறகைப் பிளந்து, நனையாத இடத்தில், குனியாமல் எடுக்கிற உயரத்துக்கு அடுக்குங்கள். தார்ப்பாய்க் கிழிசலைத் தைத்துக் கொடுங்கள். இருவரும் சாப்பிடும் மாத்திரை தீர்கிற தேதியை நீங்கள் குறித்து வைத்துக்கொண்டு, தீரும் முன்பே கொண்டு வாருங்கள். 108, 1962, உங்கள் எண், ஜீப் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண், நாலையும் கரியாலேயே ஆனாலும் சரி, சுவரில் பெரிசாக எழுதுங்கள். கண்ணாடி தேடாமல் படிக்கும்படி இருக்க வேண்டும். வருவதென்றால் வெளிச்சம் இருக்கும்போதே குப்பனூர் வழி ஏறிவிடுங்கள். இருட்டில் பனிமூட்டத்தில் நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

முதல் சனிக்கிழமையே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. களத்துக்கும் கொட்டாய்க்கும் போகிற படியில் பாசி இருக்கும். பழைய மண்வெட்டியால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மாட்டை அந்த நேரம் தள்ளிக் கட்டுங்கள். எங்கள் களத்துப் படியில் அந்த மார்கழிக்கு அப்புறம் ஒரு கைப்பிடியும் கட்டினோம். மூன்று முளை, இரண்டு மூங்கில், அரை நாள் வேலை.